கீரிப்பாறையில் ஒரு விண்கலப் பட்டறை

பழைய விண்கலப் பொம்மைகளைச் சேர்த்து வைக்க ஆகவே ஆகாத ஊர் என்று ஒன்று உண்டென்றால் அது எங்கள் கீரிப்பாறைதான். தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மழை விட்டாலும் ரப்பர் மரத்தடியில் ஈரம் விடாது. பொம்மையின் அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும், ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு எழும்பும், ஸ்க்ரூ துருவேறும், உள்ளே மறந்துபோன பேட்டரி கக்கி வைக்கும். நாகர்கோவிலில் இருந்து தடிக்காரன்கோணம் தாண்டி மேலே ஏறி, காளிகேசம் ஆற்றில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஈரம் தெரிந்திருக்கும்.

ஆனால் உடைந்த பொம்மையைத் திரும்பக் கட்டியெழுப்ப இதைவிடத் தோதான ஊரும் இல்லை என்பேன். அச்சு எடுக்க ரப்பர் பால் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. ஒரு பாகத்தின் மேல் பாலைப் பூசிக் காயவைத்து உரித்தால், அதன் கோடும் பள்ளமும் அப்படியே உள்பக்கம் பதிந்திருக்கும். அந்த வேலையைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன், நான் எதைச் சேர்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகளின் நடுவரை வந்தவைதான் என் அலமாரியில் இருப்பவை. அதற்கு முந்தைய ஜப்பானியத் தகர ராக்கெட்டுகள் அழகுதான், ஆனால் இந்த ஈரத்தில் தகரத்தைக் காப்பாற்ற என்னால் ஆகாது. என் மனம் டிங்கி டாய்ஸிலும் கென்னரிலும் நிற்கிறது.

டிங்கி, லிவர்பூல் நகரத்தின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட உலோகப் பொம்மை. கையில் எடுத்தாலே கனம் தெரியும். 'தண்டர்பேர்ட்ஸ்' தொடர் 1965-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்தது; 1967-ல் டிங்கி அதன் இரண்டாம் எண் கலத்தைப் பச்சை நிறத்தில் விட்டது. பொத்தானை அழுத்தினால் நான்கு கால்களும் சட்டென்று நீண்டு கலம் எழுந்து நிற்கும், வயிற்றுப்பெட்டிக்குள் நான்காம் எண் நீர்மூழ்கி சிறிதாக இருக்கும். 'யு.எஃப்.ஓ.' தொடரின் இன்டர்செப்டர் 1971-ல் வந்தது. தொலைக்காட்சியில் அது வெள்ளைக் கலம். டிங்கி விற்றதோ பளபளக்கும் பச்சை. அன்று வாங்கிய பையன்களில் பலர் பெரியவர்களான பிறகு உட்கார்ந்து அதற்கு வெள்ளையடித்தார்கள். பழைய விண்கலத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டும் பழக்கம் பலருக்கு இந்த மாதிரி ஒரு சின்னக் குறையில் இருந்துதான் தொடங்குகிறது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. டிங்கியின் பழைய அச்சுகள் சில அதற்கு முன்பே கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இங்கே கார்களாக விற்றன. விண்கலத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

கென்னரின் கதை வேறு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் கம்பெனி. 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்தது. இவ்வளவு ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து தர முடியவில்லை. அதனால் பொம்மையே இல்லாத அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பி வைத்தால் பிறகு பொம்மைகள் தபாலில் வரும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1978-ல் மட்டும் நான்கு கோடிக்கு மேல் விற்றதாகக் கணக்கு. எக்ஸ்-விங் போர்க்கலம் அந்த வருடத்தது, மில்லேனியம் ஃபால்கன் அடுத்த வருடம்.

அதே சமயத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாட்டெல் கம்பெனி 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் வைப்பர் கலத்தை விற்றது. சுருள்கம்பியால் சின்ன ஏவுகணை பாயும். அந்த ஏவுகணை தொண்டைக்குள் போய் ஒரு சிறுவன் இறந்துபோனான். மாட்டெல் அந்தக் கலங்களைத் திரும்பப் பெற்று, பாயாத மாதிரி மாற்றியது. கென்னரும் தான் செய்துகொண்டிருந்த ராக்கெட் பாயும் 'ஸ்டார் வார்ஸ்' போபா ஃபெட் பொம்மையைக் கடைக்கு அனுப்பாமல் நிறுத்தியது. பழைய கலங்களைச் செப்பனிடும்போது இது என் நினைவில் இருக்கும். பாயும் ஏவுகணை உள்ள கலம் வந்தால், பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அந்தச் சுருள்கம்பியைக் கழற்றித் தனியே வைத்துவிடுவேன். அசல்தன்மை குறைந்தாலும் பரவாயில்லை.

இந்த மலையடிவாரத்துக்கு இதெல்லாம் எப்படி வந்தது? கல்ஃப் பெட்டியில் வந்தது. எண்பதுகளில் எங்கள் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். லீவுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கினால் அம்பாசடர் காரின் மேல் கயிறு கட்டிய பெட்டி வரும். டார்ச், தைலம், சோப்பு, துணி, அதற்கிடையில் பிள்ளைகளுக்கு ஒரு பேட்டரிச் சாமான். பிள்ளைகள் கேட்டது காராக இருந்தாலும், கடையில் எது பளபளத்ததோ அதுதான் வரும். திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை 'ஸ்டார் ட்ரெக்' பார்த்த பிள்ளைகளுக்கு விண்கலம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. வாத்தியார் வீட்டிலும் கடைக்காரர் வீட்டிலுமாக, ஒன்றிரண்டு எக்ஸ்-விங்கும் ஹாங்காங்கில் செய்த பெயர் தெரியாத கலங்களும் இந்த மாவட்டத்தில் இறங்கின. சென்னைக்காரர்களுக்குப் பர்மா பஜார் இருந்தது, 1985-ல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டும் இருந்தது. எங்களுக்கு மாமாக்கள் இருந்தார்கள்.

இந்தியாவிலேயே செய்த பொம்மைகளுக்கும் ரப்பருக்கும் ஓர் உறவு உண்டு. மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டயர் பிறகு வந்தது. அந்த எம்.ஆர்.எஃப்., அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987-ல் ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கி, கோவாவில் பொம்மை செய்தது. ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ. ஜோ பொம்மைகளில் அமெரிக்க அசலில் இல்லாத நிறச் சேர்க்கைகள் உண்டு. அதற்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். நம் வீட்டுப் பரணில் இருந்து தூக்கிப்போட்ட சாமானை அவர்கள் தேடி எடுக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, வேலைக்கு வருவோம்.

என்னிடம் இருக்கும் எக்ஸ்-விங், தம்மாமில் இருந்து மாமா கொண்டுவந்தது. அத்தை அதை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு மாட்டுத் தொழுத்தின் மேல்தட்டில் வைத்திருந்தாள். "அந்தச் சவத்தை எடுத்துக்கிட்டுப் போ மக்கா, எலிதான் கூடு கட்டுகு" என்று தந்தாள். விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி இல்லை, துப்பாக்கி முனைகளில் ஒரு பக்கத்தவை இல்லை, இறக்கை விரியவில்லை. எக்ஸ்-விங்கின் அழகே அந்த இறக்கைதான். விமானிக்குப் பின்னால் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்2-டி2 ரோபோவின் தலையை அமுக்கினால் நான்கு இறக்கைகளும் விரிந்து பெருக்கல் குறி போல நிற்கும். மூக்கில் விளக்கு எரியும், லேசர் சத்தம் கேட்கும்.

பேட்டரி கக்கிய பொம்மையைச் சுத்தம் செய்வதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நம் ஊர்ப் பழைய டார்ச் கட்டைகள் துத்தநாக-கார்பன் வகை. அவை கக்குவது புளிப்புத்தன்மை உள்ளது. அதற்கு ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி கக்கினால் அது காரம், அதற்குத்தான் வினிகர். உள்ளே இருந்த கட்டை எது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வினிகர் ஊற்றுகிறவர்கள் உண்டு. புளிப்பின் மேல் புளிப்பை ஊற்றினால் தகடு இன்னும் அரிக்கும். தேய்த்து முடித்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சின்ன உப்புத்தாள் துண்டால் தகட்டைப் பளிச்சென்று ஆக்கினால் மின்சாரம் ஓடும். தகடு முழுதும் அரித்துப் போயிருந்தால் உடைந்த ரிமோட்டின் பேட்டரித் தகடு அளவாகப் பொருந்தும். மூக்கு விளக்குக்கு இப்போது சிவப்பு எல்.ஈ.டி. போட்டிருக்கிறேன், மூன்று வோல்ட்டுக்கு 100 ஓம் தடை ஒன்று சேர்த்து. பழைய குமிழ் பல்பைத் தூக்கிப்போடவில்லை. சின்ன உறையில் இட்டுப் பெயரெழுதி வைத்திருக்கிறேன். கழற்றிய அசல் பாகம் எதையும் எறியக்கூடாது. நாளைக்கு இந்தக் கலம் யார் கைக்குப் போகுமோ, அவர் பழையபடி ஆக்க நினைக்கலாம்.

கண்ணாடி மூடிக்குத் தண்ணீர்ப் பாட்டில். ரப்பர் தடியில் மூடியின் வடிவத்தைச் செதுக்கி, அரம் போட்டு, மெழுகு போல வழவழப்பாக்கி, தெளிவான பெட் பாட்டிலுக்குள் திணித்து, ஹாட் ஏர் கன்னால் மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். பாட்டில் சுருங்கித் தடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் ஓரத்தை வெட்டி எடுத்தால் மூடி. தடியில் சின்னக் கீறல் இருந்தாலும் பிளாஸ்டிக்கில் தெரியும், ஆகவே செதுக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். ரப்பர் தடி இதற்கு நல்ல மரம். பால் வற்றிய மரங்களை வெட்டி ஏற்றும்போது கேட்டால் ஒரு துண்டு தராமல் யாரும் போவதில்லை.

துப்பாக்கி முனைகளுக்குத்தான் ரப்பர் பால். உடையாத பக்கத்து முனையைக் களிமண்ணில் குத்தி நிறுத்தி, அதன் மேல் பாலைப் பூச வேண்டும். மரத்தில் இருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைச் சுற்றிப் பிரித்து 60 சதவீதம் ரப்பராகக் கெட்டியாக்கினால் செனெக்ஸ். கையுறையும் பலூனும் அதில்தான் செய்கிறார்கள். பூச்சுக்குச் செனெக்ஸ்தான் நல்லது. அமோனியா வாடை மூக்கைக் குத்தும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டால் பால் பிரஷ்ஷில் உறைந்து கட்டிப்போகாது.

முதல் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். குமிழி நின்றால் குண்டூசியால் குத்திவிட வேண்டும். முதல் பூச்சில் நின்ற குமிழி வார்ப்பில் மருவாக வரும். பால் வெள்ளையாக இருக்கும்வரை ஈரம். காயக் காய ஓரத்தில் இருந்து மஞ்சளாகத் தெளியும். முழுதும் தேன் நிறத்துக்கு வந்ததும் அடுத்த பூச்சு. இப்படிப் பத்துப் பூச்சு வரை போனால்தான் உரிக்கத் தாங்கும். மாசி மாதத்தில் ஒரு பூச்சு சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசியில் ஒரு நாள் முழுக்க எடுக்கும். கடைசிப் பூச்சு காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி உரித்தால் ரப்பர் தன்மேல் தானே ஒட்டாது.

எங்கள் ரப்பர் விளையில் பால் வெட்டும் சித்தி இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மக்கா, ஷீட்டா அடிச்சா காசாவது வரும்லா? பொம்மைக்குப் பூசி என்னத்துக்காக்கும்?" நான் பதில் சொல்லாமல் உரித்த அச்சை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். துப்பாக்கி முனையின் வளையங்கள் ஒவ்வொன்றும் உள்ளே தெரிந்தன. "இம்புட்டும் பாலிலயா வந்துச்சு?" என்றாள். முப்பது வருடமாகப் பால் வெட்டுகிறவள். மறுநாள், தூசி இல்லாமல் அரித்தெடுத்த பாலைத் தனியாக ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

ரப்பர் பாலுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீர் வெளியேறும்போது அச்சு கொஞ்சம் சுருங்கும். துப்பாக்கி முனைக்கு அது பாதகமில்லை. இறக்கையின் அடிப்பகுதி போல, இன்னொரு பாகத்தோடு பொருந்த வேண்டிய இடத்துக்கு ஆகாது, அங்கே சிலிகோன்தான். சிலிகோனிலும் இரண்டு வகை உண்டு. பிளாட்டினத்தால் இறுகும் வகை ரப்பர் பால் பட்ட இடத்தில் இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். ரப்பர் கையுறை போட்டுத் தொட்டாலே போதும். ரப்பர் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இந்த வகையை வாங்குவது வீண்செலவு. டின் வகை சிலிகோன் அவ்வளவு பிகு செய்யாது. அதுபோல வார்ப்பதற்குப் பாலியூரித்தேன் ரெசின் வாங்கினால், காற்றில் இருக்கும் ஈரம் பட்டு நுரைத்துக்கொள்ளும். திறந்த டப்பா ஒரு மழைக்காலம் தாங்காது. நான் எபாக்ஸியில்தான் வார்க்கிறேன். இறுக ஒரு ராத்திரி ஆகும். ஆகட்டும்.

பெயின்டைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் தொடவே தொடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடிக்கும் என்.சி. லாக்கரை ஈரக்காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்புப் பெயின்ட் சாம்பல் பூத்து நிற்கும். தை முதல் பங்குனி வரை எங்களுக்குப் பெயின்ட் சீசன். அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், ஆகவே பிளாஸ்டிக் கலத்துக்கு அக்ரிலிக் நல்லது. எதை அடிப்பதானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். டிங்கி போன்ற உலோகக் கலத்தின் பழைய பெயின்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிங்கி துத்தநாகக் கலவை; காஸ்டிக் சோடா துத்தநாகத்தையே தின்னும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாள் போடாமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மஞ்சளித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறையைப் பலர் கேட்கிறார்கள். பார்லரில் தலைமுடிக்குப் போடும் 12 சதவீத க்ரீமே போதும், வெளுக்கும். ஆனால் நான் செய்வதில்லை. சில வருடங்களில் மஞ்சள் திரும்ப வரும், திட்டுத்திட்டாக வருவதும் உண்டு. நாற்பது வருடப் பொம்மை நாற்பது வருடப் பொம்மையாக இருக்கட்டும்.

மாற்றிக் கட்டுவதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். முழுசாக இருப்பதை வெட்டாதே. பெட்டியும் பாகங்களும் அப்படியே உள்ள ஒரு கலத்தின் மேல் புதுப் பெயின்ட் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பேன், காசு கொடுத்து வாங்கினவருக்கும் சேர்த்துத்தான். அதே சமயம், பாதி உடைந்து, பெயின்ட் போய், தேடினாலும் பாகம் கிடைக்காத கலத்தை 'அசல்' என்று சொல்லி அலமாரியில் வைத்திருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது கட்டப்பட வேண்டிய கலம். அதற்குப் புது இறக்கை வைக்கலாம், எரிபொருள் தொட்டி வைக்கலாம், தொலைக்காட்சியில் வராத ஒரு கலமாகவே ஆக்கலாம். என்னிடம் ஹாங்காங் கலம் ஒன்று பாதி உடம்போடு வந்தது. பழைய பிரின்டரின் பல்சக்கரங்கள், இன்ஜெக்‌ஷன் சிரிஞ்ச், பேனா மூடி, மிக்ஸியின் கப்ளர், சொட்டுநீர்க் குழாயின் முனைகள் எல்லாம் சேர்ந்து இப்போது அது ஒரு சரக்குக் கலம். இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பூச்சு கொடுத்தபோது சிரிஞ்ச் சிரிஞ்சாகத் தெரியவில்லை. என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

இதைக் குறைவாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரின் மாதிரிக் கலங்களைக் கட்டிய டெரிக் மெடிங்ஸின் குழு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்களின் பாகங்களை ஒட்டித்தான் கட்டியது. முதல் எண் கலம் கிளம்பும் தளத்துச் சுவரில் எலுமிச்சை பிழியும் பிளாஸ்டிக் சாமான் ஒன்று ஒட்டியிருக்கும், கவனித்துப் பார்த்தால் தெரியும். 'ஸ்டார் வார்ஸ்' கலங்களின் மேல் இருக்கும் குழாயும் பெட்டியும் போன்ற நுணுக்கங்களில் பெரும்பகுதி, டாங்கி கிட்களையும் விமான கிட்களையும் உடைத்து எடுத்து ஒட்டியவை. திரையில் நாம் வாய் பிளந்து பார்த்த கலங்களே பழைய சாமானைச் சேர்த்துக் கட்டியவைதான். நாம் செய்வதும் அதே தொழில்.

அப்படியானால் நம் கலம் எங்கே என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. தமிழ் சினிமாவுக்கு 1963-லேயே ஒரு பறக்கும் தட்டு இருக்கிறது. காசிலிங்கம் இயக்கிய 'கலையரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். விஞ்ஞானத்தில் முன்னேறி, இசையறிவு இல்லாத ஒரு கிரகத்தில் இருந்து வருகிறவர்கள், பாடத் தெரிந்த பெண்ணைப் பூமியில் இருந்து தூக்கிப்போகிறார்கள், எம்.ஜி.ஆர். அங்கே போய்ச் சேர்கிறார். 'ஸ்டார் வார்ஸ்' வருவதற்கு 14 வருடம் முன்பு தமிழில் வந்த விண்வெளிப் படம் இது. அதன் கலத்துக்கு ஒரு பொம்மை கடைக்கு வந்திருந்தால் நான் எந்த விலைக்கும் வாங்கியிருப்பேன்.

ஆகவே நானே ஒன்று கட்டினேன். படத்தில் வருவதன் நகல் இல்லை, அதற்கு ஒரு மரியாதை. இரண்டு அலுமினியத் தட்டுகளை விளிம்போடு விளிம்பு கவிழ்த்து ரிவெட் அடித்தேன். நடுவில் குமிழ், மறுபடியும் பெட் பாட்டில். விளிம்பைச் சுற்றிச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகள். மூன்று கால்களுக்குக் குடைக்கம்பி. எங்கள் ஊரில் உடைந்த குடைக்குப் பஞ்சமே இல்லை. காலின் அடியில் எங்கள் விளைப் பாலிலேயே வார்த்த ரப்பர் பாதம். உள்ளே வேற்றுக்கிரகத்து விஞ்ஞானிக்கு ஒரு நாற்காலியும், பாடகிக்கு ஒரு வீணையும் வைத்தேன். வீணை ஒரு தீக்குச்சி நீளம்தான் இருக்கும், குடத்துக்குக் கிராம்பின் மொட்டு. மாறாமலை பக்கத்துக் கிராம்பு.

விண்வெளி எங்களுக்குத் தூரத்துச் சங்கதியும் இல்லை. எங்கள் மலைத்தொடரிலேயே இருக்கிறது மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோ திரவ எந்திரங்களையும் கிரையோஜெனிக் எந்திரங்களையும் சோதித்துப் பார்க்கிறது. இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணனும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும் இங்கே பிள்ளைகள் அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் விக்ரம் லேண்டர் செய்தார்கள். கால் நான்கும் சரியாக இருந்தது, சூரியத்தகடுகூட வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிங்கி இன்டர்செப்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் தேடப்போகும் பொம்மை அதுவாகவும் இருக்கலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு நிறையப் பணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் வேண்டும்தான். பொம்மை இறக்குமதிக்கு 2020-ல் சுங்கவரியை 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் அது 70 ஆனது. நான் பெரும்பாலும் இங்கேயேதான் தேடுகிறேன். ஆக்கர் என்கிற பழைய சாமான் கடைகள், பழைய வீடு இடிக்கும் இடங்கள், கல்ஃபில் இருந்து திரும்பி வந்து ஓய்வாக இருக்கும் பெரியவர்களின் வீடுகள். டிசம்பர் 3-ம் தேதி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிகிற சமயத்தில் கடை போட வருகிறவர்களிடமும் கேட்டு வைப்பேன்; அவர்கள் பல ஊர் சுற்றுகிறவர்கள். உடைந்ததைத்தான் கேட்கிறேன் என்றால் விலை பேச வேண்டிய தேவையே வருவதில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு பரண் இருக்கும். எண்பதுகளில் யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த கலம் அங்கே ஒரு சாக்குக்குள் கிடக்கலாம். இறக்கை இல்லை, ஓடவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். கிடைத்தால் முதல் வேலையாக உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றுங்கள், பாகங்களை ஒரே டப்பாவில் போட்டு மூடுங்கள், பக்கத்தில் கொஞ்சம் சிலிக்கா ஜெல் வையுங்கள். செப்பனிடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.